ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு மேனேஜர்

இந்த முறை கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். வழக்கமான கோட்டைக் கதை, கோயில் கதை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நடுவில் கொஞ்சம் வரும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் பேரன் இந்த வருடம் பி.இ. சிவில் முடித்தான். சென்னையில் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்துக்காரர்கள் வீட்டுக்கே போன் போட்டுப் பேசியிருக்கிறார்கள். ஆறு மாதப் படிப்பு, கட்டணம் ஒன்றேகால் லட்சம், முடித்ததும் பையன் 'புராஜெக்ட் மேனேஜர்' ஆகிவிடுவானாம். சைட்டில் வெயிலில் நிற்க வேண்டாம், ஏ.சி. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை வாங்கலாம் என்றும் சொன்னார்களாம். தாத்தா போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டை உடைக்கத் தயாராகிவிட்டார். "நீங்க அந்த லைன்லதானே சார் இருந்தீங்க, கட்டிடலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே போன் வேறு பல வீடுகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தச் சான்றிதழ் விஷயம். உலகம் முழுக்க மதிக்கிற ஒரு சான்றிதழ் உண்டு, பி.எம்.பி. என்பார்கள். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமைப்பு நடத்துகிற தேர்வு அது. அதை எழுதப் பணம் மட்டும் போதாது. நாலு வருடப் பட்டம் பெற்றவர் என்றால் குறைந்தது 36 மாதம் வேலைகளைத் தலைமை தாங்கி நடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு 60 மாதம். இதற்கு மேல் 35 மணி நேரப் பயிற்சி. அனுபவமே இல்லாத புதியவர்களுக்கு அதே அமைப்பு கேப்பம் என்று கீழ்நிலைச் சான்றிதழ் ஒன்று வைத்திருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும். கவனியுங்கள், 23 மணி நேரம். ஆறு மாதமும் இல்லை, ஒன்றேகால் லட்சமும் இல்லை. அதை வாங்கியவனை அந்த அமைப்பே மேனேஜர் என்று சொல்வதில்லை. உதவியாளாக நுழையத் தகுதி உண்டு என்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரியை விட்டு நேற்று வெளியே வந்த பையனிடம் "உன்னை மேனேஜர் ஆக்குகிறேன்" என்று பணம் வாங்குவது, நீச்சல் தெரியாதவனுக்குப் பரிசல் ஓட்டுகிற லைசென்ஸ் விற்பது போல. விற்பவனுக்குத் தெரியும், முங்கப்போவது அவன் இல்லை.

இதைப் படித்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன், அது வெறும் மேஸ்திரி வேலை, இங்கிலீஷ் பேர் வெச்சிருக்கான்" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 31 வருடம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிளானிங் பிரிவில் இருந்தவன் நான். அந்த வேலை என்ன என்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சொல்ல முடியும்.

வீடு கட்டியவர்கள்தானே நாம் எல்லோரும். வானம் தோண்டி, கடைக்கால் போட்டு, சுவர் எழுப்பி, லிண்டல் போட்டு, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளம் போட்டு, தண்ணீர் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்து பலகை பிரித்து, பூச்சு, தரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிற வேலைகள் உண்டு. கேட் செய்வது, ஜன்னல் கிரில், போர் போடுவது, டைல்ஸ் வாங்குவது எல்லாம் பக்கவாட்டில் நடக்கும். கேட் பத்து நாள் தாமதமானால் கிரகப்பிரவேசம் தள்ளிப்போகாது. தளம் ஒரு நாள் தாமதமானால் கிரகப்பிரவேசமும் ஒரு நாள் தள்ளிப்போகும். எந்த வேலை நின்றால் எல்லாம் நிற்குமோ அந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்து, கண்ணை அதிலேயே வைத்திருப்பதுதான் தொழிலின் முதல் பாடம். கிரிட்டிகல் பாத் என்பார்கள். 1957-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனிக்காரர்கள் ரசாயன ஆலை வேலைக்காக இதற்குக் கணக்குப் போட்டார்கள். அடுத்த வருடமே அந்த நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணை வேலைக்காகப் பெர்ட் என்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. எந்த வேலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கோடு இழுத்துக் காட்டுகிற படம் அதற்கும் முந்தியது. ஹென்றி கேன்ட் என்பவர் பெயரால் வழங்குகிறது. இன்று இதையெல்லாம் கம்ப்யூட்டர் இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டும்.

ஆனால் தளம் போடுகிற அன்று கம்பி கட்டுகிற ஆள் வருவானா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தை பிறந்தால் கூலி ஆட்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் வரமாட்டார்கள் என்பதும், கரண்ட் பைப் புதைக்காமல் கான்கிரீட் போட்டால் பிறகு தளத்தைக் கொத்த வேண்டும் என்பதும், மின்கம்பத்தை நகர்த்த மனு கொடுத்தால் பதில் எப்போது வரும் என்பதும், இரண்டு சப்-கான்ட்ராக்டர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அதற்குத் தெரியாது. நாளைக்கு எது நிற்கப்போகிறது என்று இன்றைக்கே தெரிந்துவைத்திருப்பவன்தான் புராஜெக்ட் மேனேஜர். அவன் வெயிலில் நின்றிருக்க வேண்டும். நிற்காதவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

நான் வேலை கற்றுக்கொண்ட மேனேஜர் ஒருவர். ஒரு ஆற்றுப் பாலம். மழைக்கு முன்னால் தூண்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும். தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்கள், கம்பி வாங்குவதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளச் சொன்னார்கள், வட்டி மிச்சமாம். இவர் போனில் சண்டை போடவில்லை. ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தேதிக்குள் கம்பி வராவிட்டால் இந்தத் தேதியில் வேலையை நிறுத்துவேன், வெள்ளம் வந்தால் இவ்வளவு சேதம், ஒப்புதல் கொடுப்பவர் பெயரைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பவும். அவ்வளவுதான். கம்பி எட்டாம் நாள் வந்தது. யாருக்கும் அதில் தன் பெயரைப் போட மனம் வரவில்லை! அந்தக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். பார் சார்ட் வரைவதைவிட அந்தக் கடிதத்தில்தான் தொழில் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

பொறுப்பும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். "இதற்கு நான் பதில் சொல்கிறேன்" என்பவனுக்கு "நிறுத்து" என்று சொல்லவும் உரிமை வேண்டும். இதில் ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்துக்கு வெளியே போகத் தேவையில்லை.

செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1690-ல் ஔரங்கசீப்பின் படை ராஜாராமைப் பிடிக்க வந்து முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருடம்! அதுவும் ராஜாராம் நழுவிப் போன பிறகு. மலையும் மதிலும் ஒரு காரணம், மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து கொடுத்த தொல்லை ஒரு காரணம். இன்னொன்று, முற்றுகைக்குத் தலைவர் யார் என்பதே சரியாக இல்லை. சுல்பிகர் கான் ஒரு பக்கம், பாதுஷாவின் மகன் காம் பக்‌ஷ் ஒரு பக்கம், சுல்பிகரின் அப்பா ஆசத் கான் ஒரு பக்கம். கடைசியில் அப்பனும் மகனும் சேர்ந்து இளவரசனையே கைது செய்தார்கள். சுல்பிகர் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று எழுதியவர்களும் உண்டு. இழுத்தடித்தால் லாபம் என்று ஆகிவிட்ட வேலை எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? போன வருடம் செஞ்சிக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது ஆளாளுக்குப் பெருமைப்பட்டோம். இந்த எட்டு வருடக் கதையை யாரும் சொல்லக் காணோம்.

இதற்கு நேர்மாறான கதையும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல் நமக்கெல்லாம் நினைவிருக்கும். ரேடியோவில் கேட்டு வீடே அழுதது. அந்தப் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலையை ஒப்படைத்தது ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம், அப்போது வயது 32. கடலடியில் கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்களிடமிருந்து தெரிந்துகொண்டு, அவற்றையே தூக்கியெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது.

அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை, பி.எம்.பி. தேர்வு என்று ஒன்று வரவே இன்னும் இருபது வருடம் இருந்தது. இருந்தது சில வருட ரயில்வே சைட் அனுபவம். கூடவே "இது உன் வேலை" என்று முழுசாகக் கையில் கொடுத்த மேலதிகாரி. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். அவரே பிறகு கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டுகிற பலகைகளைச் சைட்டில் வைத்தார். கூலி ஆளிலிருந்து தலைவர் வரை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. அந்தப் பலகையை வைக்க ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. கெடு தவறினால் முதலில் அவமானப்படப்போவது தான்தான் என்ற துணிச்சல் வேண்டும்.

இனி தளவானூருக்கு வருகிறேன். தளவானூர் என்று சொன்னால் இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் "அணை உடைஞ்சதே, அந்த ஊரா?" என்கிறார்கள். அது வேறு, இது வேறு. நம்முடையது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த சத்துருமல்லேஸ்வரம் இருக்கிற ஊர். அணை உடைந்தது தென்பெண்ணை ஆற்றங்கரையில் விழுப்புரம் பக்கத்துத் தளவானூரில். இரண்டுக்கும் பெயர் ஒன்று, மாவட்டம் ஒன்று. ஒன்று சுமார் 1,400 வருடமாக நிற்கிறது. மற்றதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தளவானூருக்கும் எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலத்துக்கும் நடுவே சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டினார்கள். 2020 செப்டம்பரில் திறப்பு விழா. 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கம் உடைந்தது. பொறியாளர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அதே வருடம் நவம்பர் வெள்ளத்தில் மறுபடி சேதம். கரையைக் காப்பாற்ற வேண்டி, மிச்சமிருந்ததை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம்கூட. அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பி போர் வைத்திருந்த கரை விவசாயிகளுக்கு அது சிரிப்பு இல்லை.

எதனால் உடைந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. என் கேள்வி வேறு. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆள் யார்? திறப்பு விழாத் தேதியைவிட அவர் வார்த்தைக்கு மதிப்பு இருந்ததா? நம் அரசு வேலைகளில் டிசைன் போடுபவர் ஒருவர், டெண்டர் விடுபவர் ஒருவர், பில் பாஸ் செய்பவர் ஒருவர், மேற்பார்வை இன்னொருவர். நடுவில் மாறுதல் வந்தால் ஆளே மாறிவிடுவார். உடைந்த பிறகு நாலைந்து பெயர் கிடைக்கிறது. உடைவதற்கு முன்னால் ஒரு பெயரும் கிடைப்பதில்லை.

பல்லவன் காலத்திலும் அப்படித்தானே என்பீர்கள். பக்கத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்வித்தேன் என்கிறான் ராஜா. எது வேலை, எந்தச் சாமிகளுக்கு, என்னென்ன பொருள் இதில் கிடையாது என்று இவ்வளவு சுருக்கமாக எழுதிய வேலைக் குறிப்பை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஆனால் ராஜா பெயர் இருக்கிறது, பாறையைப் பார்த்து எங்கே உளியை வைப்பது என்று முடிவு செய்தவன் பெயர் இல்லை. திறப்பு விழாக் கல்லில் இன்றைக்கும் அதே வழக்கம்தான். மந்திரி, எம்.எல்.ஏ., கலெக்டர் பெயர்கள். வேலையை நடத்திய பொறியாளர் பெயரையும் அதே கல்லில் அதே அளவு எழுத்தில் வெட்டச் சொல்லுங்கள். பாதி வேலைகள் உடையாது.

ஆகவே மேஸ்திரி வேலைதானே என்று ஏளனம் செய்பவர்களுக்கு என் பதில் இது. நாட்டில் இல்லாதது பணமும் இல்லை, பொறியாளர்களும் இல்லை. ஆரம்பத்திலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை ஒரு வேலையைத் தன் வேலையாக வைத்துக்கொள்கிற ஆள்தான் இல்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசு வேலைகளைக் கண்காணித்து அறிக்கை விடுகிறது. 2024 மார்ச் கணக்கில் 1,873 வேலைகள். அதில் 449-க்குச் செலவு போட்ட கணக்கைத் தாண்டிவிட்டது, 779 தாமதம். தாண்டிய தொகை மட்டும் ஐந்து லட்சம் கோடிக்கு மேல். இதைச் சரிசெய்கிற தொழிலுக்கு நம் பிள்ளைகள் போகாமல் வேறு எதற்குப் போவது?

போகட்டும், ஆனால் வாசல் வழியாகப் போகட்டும். சிவில் முடித்தவன் முதல் மூன்று வருடம் சைட்டில் நிற்கட்டும். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், தங்குவது தகரக் கொட்டகையாகவும் இருக்கும். அளவுப் புத்தகம் எழுதட்டும், பில் போடட்டும், லாரி எண்ணட்டும். பிறகு பிளானிங் பிரிவு. மேலே படிக்க ஆசையிருந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமான மேலாண்மையில் எம்.இ. இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். ஐந்தாறு வருடம் ஆன பிறகு பி.எம்.பி. எழுதட்டும், அப்போது அதற்கு அர்த்தம் உண்டு, செலவைக் கம்பெனியே கொடுப்பதும் உண்டு. கம்ப்யூட்டர் துறைக்கும் இதே கதைதான். புரோகிராம் எழுதியோ டெஸ்டிங் செய்தோ நாலு வருடம் பழகாதவன் பேச்சை டீமில் யார் கேட்பார்கள்? பெண்பிள்ளைகளை "சைட்டுக்கு வேண்டாம்" என்று தடுக்கிற வேலையும் வேண்டாம். நான் பார்த்த பிளானிங் ஆட்களில் ஒரு சப்-கான்ட்ராக்டரையும் ஏமாற்ற விடாதவர் ஒரு பெண்தான். அவருடைய சைட்டில் பொய் பில் உள்ளேயே வராது.

ஆசிரியர் டெபாசிட்டை உடைக்கவில்லை. பேரன் ஒரகடம் பக்கம் ஒரு சைட்டில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறான். ஷூ வாங்க மட்டும் தாத்தாவிடம் பணம் கேட்டானாம்.

இன்னொரு கேள்வி வரும் என்று தெரியும். "பையன் எவ்வளவு படிச்சாலும் மேலே இருக்கிறவன் அதிகாரம் கொடுக்கலேன்னா என்ன சார் பண்ணுவான்?" நியாயம்தான். அதைப் பையன் மாற்ற முடியாது. கேட்க வேண்டியவர்கள் நாம், ஓட்டுப் போடுகிறவர்கள். நமக்குக் கேட்கவும் தெரியவில்லை. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ரயில் பாதையைப் பாருங்கள். சுமார் 70 கிலோமீட்டர். 2006-07 பட்ஜெட்டில் வந்தது. நிலம் கையகப்படுத்துவதுதான் அந்த வேலையின் கிரிட்டிகல் பாத் என்று எந்தப் பிளானிங் ஆளும் முதல் நாளே சொல்லியிருப்பான். நிலம் கைக்கு வராதவரை தண்டவாளத்துக்குப் பணம் ஒதுக்கியும் பயனில்லை. அப்புறம் ஒரு பட்ஜெட்டில் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். ஆயிரம் ரூபாய்! ஒவ்வொரு தேர்தலிலும் நாம் கேட்பது "ரயில் எப்போ வரும்?" என்று. "விரைவில்" என்று பதில் வருகிறது, கை தட்டுகிறோம். நிலம் எடுக்கும் பொறுப்பு எந்த அதிகாரியுடையது, அவர் பெயர் என்ன, இந்த மாதம் எத்தனை ஏக்கர் முடிந்தது என்று ஒருத்தர் எழுந்து கேட்டதை நான் பார்த்ததில்லை.

அந்தப் பாதைக்கு ஒப்புதல் கிடைத்த வருடம் செஞ்சி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். திண்டிவனம் வரை பஸ்ஸில் போய்த்தான் ரயில் ஏறுகிறார்கள்.